மூன்று வகுப்புக்கு ஒரே கணக்கு

10 ஜூலை 1978

காலையில் பி.எஸ்ஸி. இயற்பியல். அப்புறம் வேதியியல். மதியம் பி.காம். முதலாண்டு. மூன்று இடத்திலும் துணைக் கணிதம். மூன்று இடத்திலும் ஒரே நோட்ஸ், ஒரே உதாரணம். முடிவிலித் தொடர் எப்போது குவியும், எப்போது விரியும் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

பி.காமில் எங்கள் தெரு மஸ்தான் எழுந்து, "மேடம், இது எங்களுக்கு எதுக்கு?" என்றான். திமிராகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். "பரீட்சைக்கு" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகு அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை.

14 ஜூலை

கோதண்டராமன் சார் கூப்பிட்டார். எங்கள் கணிதத் துறைத் தலைவர். பல்கலைக்கழகம் துணைக் கணிதத்தை மாற்றப்போகிறதாம். எந்தத் துறைக்கு எந்தக் கணிதம் வேண்டும் என்று கல்லூரிகளிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். "நீயே எழுதிக் குடும்மா ரசியா. எனக்கு இதுக்கெல்லாம் பொறுமை கம்மி" என்றார்.

சந்தோஷத்தில் படி இறங்கியதே தெரியவில்லை. நேரே வேதாவிடம் போய்ச் சொன்னேன். வேதா காமர்ஸ் லெக்சரர். இரண்டு பேரும் ஒரே நாளில் இந்தக் கல்லூரியில் சேர்ந்தோம். இரண்டு பேரும் இன்னும் தற்காலிகம்தான். அவள் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் வருகிறாள். பெண்கள் ஓய்வறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. வேறு யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவேன்.

"காமர்ஸுக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியும். அதுக்கு இன்னா கணக்குன்னு உனக்குத் தெரியும். சேர்ந்து போடலாம்டி" என்றாள்.

22 ஜூலை

பி.யு.சி. என்கிற புகுமுக வகுப்பு இந்த வருஷத்தோடு கடைசி. இனி பள்ளிக்கூடத்திலேயே ப்ளஸ் டூ. கல்லூரியில் பாட நேரம் குறையும், ஆள் குறைப்பார்கள் என்று ஓய்வறை முழுக்க இதே பேச்சு. முதலில் போவது தற்காலிகமாக இருக்கிறவர்கள்தான்.

சாரிடம் கேட்டேன். "நல்ல பாடத்திட்டம் கொடுத்தா கணக்கு நேரம் ஜாஸ்திதான் ஆகும். உன்ன யாரு அனுப்பப் போறாங்க? நான் பாத்துக்கறேன்" என்றார்.

நம்பலாம். முடி நரைத்த மனுஷன்.

11 ஆகஸ்ட்

நோன்பு. தலை லேசாகச் சுற்றுகிறது, ஆனால் மனசு தெளிவாக இருக்கிறது. வேதியியலுக்கு எழுதி முடித்தேன். ஒரு பொருள் சிதையும்போது, எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் வேகமும் இருக்கும். குறையக் குறைய வேகமும் குறையும். இதை லேபில் கண்ணால் பார்த்துவிட்டு என் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு வகைக்கெழுச் சமன்பாடு பூச்சாண்டி இல்லை. ஏற்கெனவே தெரிந்த ஆளுக்குப் பேர் மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். இத்தனை நாள் நாம்தான் ஆளைக் காட்டாமல் பேரை மட்டும் மனப்பாடம் பண்ண வைத்தோம்.

18 ஆகஸ்ட்

வணிகக் கணிதத்துக்கு உதாரணம் தேடி அண்ணன் பட்டறைக்குப் போனேன். கவுஸ் பாஷா டிரங்குப் பெட்டிக் கடை என்றால் தேரடித் தெருவில் தெரியாதவர் இல்லை. பெரிய பெட்டிக்குத் தகரம் ஜாஸ்தி, வேலை கம்மி. சின்னப் பெட்டிக்குத் தகரம் கம்மி, வேலை ஜாஸ்தி. இருக்கிற தகரத்துக்கும் இருக்கிற ஆளுக்கும் எதை எத்தனை செய்தால் நல்லது? இரண்டு கோடு போட்டால் நடுவில் ஒரு வயல் மாதிரி இடம் வரும். விடை அதன் மூலையில் உட்கார்ந்திருக்கும்.

அண்ணனிடம் படம் போட்டுக் காட்டினேன். "கல்யாண சீசன்ல பெருசு கேப்பாங்க, ஸ்கூல் தொறந்தா சிறுசு கேப்பாங்க. கேக்கறத செய்யறேன். இந்தக் கோடு எதுக்கு?" என்று உருதுவில் திட்டினார். வீட்டில் பேச்சு உருது, எழுத வருவது எனக்குத் தமிழ்தான். திட்டைக்கூட மொழிபெயர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

25 ஆகஸ்ட்

மதியம் ஓய்வறையில் வேதாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அவள் கணக்கு விட்டு வருஷங்கள் ஆகிறது. "எனக்குப் புரிஞ்சாத்தான் பசங்களுக்குப் புரியும். என்னை முட்டாப் பொண்ணுன்னு நெனச்சு நடத்து" என்கிறாள். அணிக்கோவை, அசமன்பாடு, வரைபடம் எல்லாம் நடத்துகிறேன். தப்பு வரும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: "கணக்கு இன்னா கேக்குதுன்னு முதல்ல உன் வாயால சொல்லு. அப்புறம் பேனாவ எடு."

நோன்பு நாளில் என் எதிரில் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்ச் சாப்பிட்டு, வாய் துடைத்துக்கொண்டு வருகிறாள். கூடப் பிறந்தவள் இருந்தால் இப்படித்தான் இருப்பாள்.

12 செப்டம்பர்

மூன்று பாடத்திட்டமும் முடிந்தது. சார் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். பெருநாள் சேமியா கொண்டு போயிருந்தேன். வேதா டப்பாவையே வாங்கி வைத்துக்கொண்டாள்.

18 டிசம்பர்

தீபத்துக்கு வந்த கூட்டம் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. தெருவெல்லாம் பொரி வாசனை.

பல்கலைக்கழகத்திலிருந்து முடிவு வந்துவிட்டதாம். வணிகக் கணிதம் அநேகமாக நாங்கள் எழுதின மாதிரியே வருகிறது, அடுத்த ஜூனிலிருந்து. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் பழையபடி ஒரே பேப்பர். மூன்றில் ஒன்று போதும். வேதா பிடித்த என் கையை விடவே இல்லை. அவளுக்கும் அவ்வளவு சந்தோஷம்.

9 பிப்ரவரி 1979

எழுதினால்தான் தூங்குவேன்.

ஸ்டாஃப் மீட்டிங். அடுத்த வருஷம் யாருக்கு எத்தனை மணி நேரம் என்று பிரின்ஸிபால் படித்துக்கொண்டு வந்தார். வணிகக் கணிதம் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பக்கத்து நாற்காலியிலிருந்து வேதா எழுந்தாள்.

"சார், இந்தப் பேப்பர் இப்ப ரொம்ப எளிமையா இருக்கு. உதாரணமெல்லாம் வியாபாரத்துலேருந்துதான் வருது. காமர்ஸ் ஸ்டாஃபே எடுத்துடலாம். நான் தயாரா இருக்கேன்."

அவள் புடவைத் தலைப்பு என் கைமேல் கிடந்தது. அதை நான் தள்ளக்கூட இல்லை. என்னமோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

பிரின்ஸிபால், "கணிதத் துறைக்கு ஆட்சேபணை உண்டா?" என்றார். கோதண்டராமன் சார் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "ஆட்சேபணை இல்ல" என்றார்.

ஆட்சேபணை இல்லை. அவ்வளவுதான். பி.யு.சி. போச்சு, பி.காமும் போச்சு. கணிதத்தில் கடைசியாகச் சேர்ந்தவள் நான், முதலில் போகிறவளும் நான்தான்.

மீட்டிங் முடிந்து சமோசா கொடுத்தார்கள்.

10 பிப்ரவரி

சாரிடம் போனேன். "பாத்துக்கறேன்னு சொன்னீங்களே சார்."

"இன்னாம்மா பண்றது? அவங்க டிபார்ட்மென்டுல ஆகஸ்டுலேயே பிரின்ஸிபால்கிட்ட கேட்டு வச்சுட்டாங்க. வேதா கத்துக்கறாங்க, அடுத்த வருஷம் அவங்களே எடுப்பாங்கன்னு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீதானே சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்த?"

ஆகஸ்டு.

ஆகஸ்டு! நான் நோன்போடு உட்கார்ந்து அசமன்பாடு நடத்தின ஆகஸ்டு. அவள் எனக்காக வராந்தாவில் போய்ச் சாப்பிட்ட ஆகஸ்டு. ஏன் வராந்தாவுக்குப் போனாள்? மரியாதையா? இல்லை என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்கலையா?

12 பிப்ரவரி

கேட்டேவிட்டேன். பஸ் ஸ்டாண்டில், எல்லோரும் பார்க்கிற இடத்தில்.

முதலில் அழுதாள். அவள் வீட்டுக்காரர் வேலை செய்த எண்ணெய் மில் மூடிவிட்டதாம். அது எனக்குத் தெரியும். "காமர்ஸ்ல ஒருத்தர் போகணும், புது பேப்பர எடுக்க முடிஞ்சா உன்ன வச்சுக்கலாம்னு எங்க ஹெட் சொன்னாரு. எனக்கு வேற வழி தெரியல ரசியா. உனக்கு அண்ணன் இருக்காரு. எங்க வீட்டுல இப்ப சம்பாதிக்கறது நான் ஒருத்திதான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா சொல்லித் தந்திருப்பியா?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

15 பிப்ரவரி

தந்திருப்பேனா?

மூன்று நாளாக இதேதான். தந்திருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. தெரியவில்லை. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது நான் இல்லையா? எனக்குப் பதிலாக அவளே யோசித்து, அவளே பதிலும் சொல்லிக்கொண்டு, அந்தப் பதிலுக்குத் தகுந்த மாதிரி என்னிடம் நடந்துகொண்டாள். வேலை போனதைவிட இதுதான் உறுத்துகிறது.

30 ஏப்ரல்

கடைசி நாள். பாடத்திட்டத்தை நல்லா, எளிமையா எழுதினேன், அதனால்தான் போகிறேன். கஷ்டமாக எழுதியிருந்தால் கணக்கு வாத்தியார் வேண்டும் என்றிருப்பார்கள்.

வேதா இன்று லீவு.

3 செப்டம்பர்

வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். மஸ்தான் வந்தான், இப்போது இரண்டாம் வருஷம். "மேடம், பெட்டிக் கணக்குல விடையே வர மாட்டேங்குது" என்று நோட்டைக் கொடுத்தான். வேதா போர்டில் போட்டது. அசமன்பாட்டை மைனஸால் பெருக்கியிருக்கிறாள், குறியைத் திருப்பவில்லை. கோட்டுக்குத் தப்பான பக்கம் நிழலடித்திருக்கிறாள். அவள் கணக்குப்படி தகரமே இல்லாமல் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் செய்யலாம்.

சிரித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தேன். அண்ணி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவனுக்குச் சரியாகப் போட்டுக் காட்டினேன். "நாளைக்குக் கிளாஸ்ல எழுந்து கேக்கறேன் மேடம்" என்றான். கண்ணில் ஒரு பளபளப்பு. நாற்பது பிள்ளைகள் எதிரில் அவள் முகம் எப்படி ஆகும் என்று நானும் பார்த்தேன், மனசுக்குள். நல்லாத்தான் இருந்தது.

"வேணாம். ஸ்டாஃப் ரூமுக்குப் போய்த் தனியா சொல்லு" என்றேன்.

ஏன் சொன்னேன்? நல்லவள் என்று பேர் வாங்கவா? இல்லை. எழுந்து கேட்டால் வகுப்பில் எல்லோருக்கும் அவள் முகம்தான் ஞாபகம் இருக்கும், குறி திரும்புவது ஞாபகம் இருக்காது. அதற்காக மட்டும்தான். அவளுக்காக இல்லை.

7 செப்டம்பர்

மஸ்தான் வந்து சொன்னான்: அடுத்த வகுப்பில் வேதா அழித்துவிட்டுச் சரியாகப் போட்டாளாம். "இத யாரு சொன்னாங்க?"ன்னு அவனிடம் கேட்கவே இல்லையாம்.

கேட்க வேண்டியதில்லை. அவளுக்குத் தெரியும்.

9 ஜூன் 1980

கீழ்பென்னாத்தூர் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். ப்ளஸ் டூ கணிதம். பி.எட். பிறகு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அண்ணன், "காலேஜ் மேடம் இப்ப ஸ்கூல் டீச்சரா?" என்று கேலி பண்ணினார். அப்புறம் அவரே பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்.

உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, அவள் ஊரா எனக்கு?

16 ஜூன்

நான் ஏறுகிற பஸ் புறப்படும்போது அவள் வருகிற பஸ் உள்ளே நுழைகிறது. இன்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டோம். அவள் தலையை அசைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள்.

நான் அந்தப் பாதியும் இல்லை.

4 ஆகஸ்ட்

பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். வேர்க்கடலை பிடுங்கும் சமயத்தில் பாதி வகுப்பு காலியாகிவிடுகிறது. திரும்பி வந்ததும் விட்ட பாடத்தை மதிய இடைவேளையில் நடத்துகிறேன்.

20 ஜூலை 1981

பதினொன்றாம் வகுப்பிலிருந்தே பொன்னி என்று ஒரு பெண் முதல் பெஞ்சில். கையைத் தூக்கிக்கொண்டே இருப்பாள். இன்று ஒரு கணக்கில் எல்லோரும் முழித்தபோது இவள் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு, கணக்கு என்ன கேட்கிறது என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்க அக்கா, டீச்சர். 'கணக்கு இன்னா கேக்குதுன்னு முதல்ல உன் வாயால சொல்லு, அப்புறம் பேனாவ எடு'ன்னு எப்பவும் சொல்லும். திருவண்ணாமல காலேஜ்ல வேல செய்யுது. பேரு வேதா."

சாக்பீஸ் கையிலேயே உடைந்தது. ஒரு வருஷமாக இவள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

21 ஜூலை

அப்படியென்றால் அவள் அந்த வார்த்தையை மாற்றக்கூட இல்லை. தன்னுடையதாக்கிக்கொண்டாளா, என்னுடையதாகவே வைத்திருக்கிறாளா?

பொன்னியைப் பின் பெஞ்சுக்கு மாற்றலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சீச்சீ. பதினாறு வயசுப் பெண்.

அவளிடம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அக்கா சொல்லாததை நான் எதற்குச் சொல்ல?

8 நவம்பர்

வேதா குடும்பம் ஊரை விட்டு, திருவண்ணாமலையை ஒட்டின வேங்கிக்கால் பக்கம் புது வீட்டுக்கு வந்துவிட்டதாம். பொன்னி சொன்னாள். வீட்டுக்காரருக்கு ஏதோ சொசைட்டியில் வேலை கிடைத்திருக்கிறதாம். பொன்னி மட்டும் அம்மாவோடு கீழ்பென்னாத்தூரில். இனிமேல் காலையில் அந்த ஜன்னல் இல்லை. நிம்மதி.

நிம்மதிதான்.

22 மே 1982

இன்று வேதா வீட்டுக்கே வந்துவிட்டாள். மூன்று வருஷத்தில் கொஞ்சம் பருத்திருக்கிறாள். காதோரம் நரை. அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

பொன்னி பி.எஸ்ஸி. கணிதம்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். "காமர்ஸ் எடுத்தா நான் பாத்துக்குவேன். கணக்குல வேல எங்க இருக்கு ரசியா? நீ சொன்னா கேப்பா."

கணக்கில் வேலை எங்கே இருக்கிறது! இதை என்னிடமே கேட்கிறாள். கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் குத்திக் காட்டுகிறவள் மாதிரி இல்லை. நிஜமாகவே பயப்படுகிறாள். எனக்கு நடந்தது தங்கைக்கு நடந்துவிடுமோ என்று பயப்படுகிறாள். அதை நடத்தினதே தான்தான் என்பது அந்த நேரம் அவளுக்கு மறந்தே போயிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீங்க அவள என்கிட்டேருந்து காப்பாத்த வந்தீங்களா?" என்றேன்.

"நீங்க"ளா? அவள் திரும்பிப் பார்த்தாள், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்பது மாதிரி. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது என்ன சொன்னேன் என்று. மாற்றிக்கொள்ளவில்லை.

"பொன்னிக்கு எது வேணும்னு பொன்னியக் கேளுங்க. அவளுக்காக நீங்களே பதில் சொல்லிக்காதீங்க."

டீ அப்படியே இருந்தது. வாசல் வரை போய் நின்றாள். "தினமும் அந்தப் பேப்பர நடத்தப் போறப்பெல்லாம்…" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

24 மே

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாளோ? பொன்னி ஒரு சாக்கோ? அப்படியே இருந்தாலும் கேட்கவில்லையே. கேட்காத மன்னிப்பை நானே ஊகித்துக் கொடுக்க வேண்டுமா?

2 ஜூன்

ரிசல்ட். கணக்கில் பொன்னிதான் பள்ளியில் முதல். ஓடிவந்து காலில் விழப் பார்த்தாள், தூக்கிவிட்டேன். "கணிதமே சேரப்போறேன் டீச்சர். அக்கா சரின்னுடுச்சு. எனக்கு இன்னா வேணும்னு முதல் தடவையா உக்காத்தி வச்சுக் கேட்டுச்சு."

13 ஜூன், ஞாயிறு

பள்ளியில் புது வருஷ நேர அட்டவணை போடும் வேலை, ஞாயிறானாலும் போகவேண்டியிருந்தது. பஸ்ஸில் நிற்கிற கூட்டம் இல்லை. புறப்படுகிற நேரத்தில் வேதா ஏறினாள். அம்மா வீட்டுக்குப் போகிறாள் போலிருக்கிறது, கையில் பழம். உள்ளே பார்த்தாள். பெண்கள் பக்கம் என் பக்கத்தில் மட்டும்தான் இடம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ் ஊரைத் தாண்டியது. வளைவில் தள்ளாடினாள். நான் ஜன்னலோரமாக நகர்ந்தேன். உட்கார்ந்தாள்.

வெயில், கொல்லைகளில் புழுதி உழவு. அவள் மூச்சு விடுவது கேட்டது. ஒரு நிறுத்தத்தில், "பொன்னி சேந்துட்டா" என்றாள். "சொன்னா" என்றேன்.

கண்டக்டர் வந்தார். முன்னே இந்த வழியில் தினம் அவளைப் பார்த்தவர். என்னை இப்போது தினம் பார்ப்பவர். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்து, டிக்கெட் கட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "ரெண்டும் ஒண்ணாக் கிழிக்கவா டீச்சர்?"

"தனித்தனி" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.